மார்க் ஷீட்டுக்குப் பெட்டகம் இருக்கு, படித்ததுக்கு?

(வள்ளூரில் மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் கலந்துகொண்ட சிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களும் போனிலேயே படித்துச் செய்து பார்க்கும்படி தரப்படுகிறது.)



பேச்சை ஆரம்பிக்கும் முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கையில் இருக்கும் போனை எடுங்க. கேலரியைத் திறங்க. உங்கள் பிள்ளை இந்த மாதம் தானாக எழுதியது, வரைந்தது, செய்தது என்று ஒரு படமாவது இருக்கிறதா, தேடிப் பாருங்க.

பிறந்தநாள் கேக் இருக்கும். குலதெய்வக் கோயில் பொங்கல் இருக்கும். ‘காலை வணக்கம்’ சொல்லும் ரோஜாப்பூ நூறு இருக்கும். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்த வீட்டுப்பாடத்தின் படமும் இருக்கும். ஆனால் அந்த வீட்டுப்பாடத்தைப் பிள்ளை எப்படிச் செய்தது, எங்கே தடுமாறியது, எப்படிச் சரி பண்ணியது என்பதற்கு அநேகமாக ஒரு படமும் இருக்காது. இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

வெள்ளத்தில் போனவை

2023 டிசம்பர் மாதம் நம்ம மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. மிக்ஜாம் புயல் மழையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாம் நனைந்து கூழாகிப் போனது. அதற்குப் பிறகு சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு நகல் வழங்க, திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. அரசு அலுவலகத்தில் பதிவு இருப்பதால் நகல் கிடைத்தது.

இப்போது இன்னொரு வசதியும் இருக்கிறது. 2015-ல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில் தமிழ்நாட்டு 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை எடுத்துக்கொள்ளலாம். துறையிடமிருந்து நேரடியாக டிஜிலாக்கருக்கு வந்து சேரும் ஆவணம், 2016-ம் ஆண்டு விதிகளின்படி அசலுக்குச் சமம். நாமே போட்டோ எடுத்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது. அது பத்திரப்படுத்த மட்டும்தான். இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் இ-பெட்டகம் செயலியும் சான்றிதழ்களுக்காக வந்ததுதான்.

ஆக, மார்க் ஷீட்டுக்குப் பெட்டகம் இருக்கு. ஆனால் அதே வெள்ளத்தில் வேறு சிலதும் போயிருக்கும். ஒரு பிள்ளை மூன்று வருஷமாக வரைந்த ஓவிய நோட்டு. அறிவியல் கண்காட்சிக்காக எழுதிய குறிப்பு. முதன்முதலாக ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதிய கட்டுரை. அதற்கு எந்த முகாமில் நகல் கிடைக்கும்? எந்தத் துறையிடமும் அதன் பதிவு இல்லை. அதைப் பத்திரப்படுத்தும் வேலை நம்முடையது.

தொகுப்பு என்பது என்ன?

இதற்குப் படித்தவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ’. நான் ‘கற்றல் தொகுப்பு’ என்று சொல்கிறேன். மாணவர் தான் செய்த வேலைகளில் சிலவற்றைத் தானே தேர்ந்தெடுத்து, போனிலோ கணினியிலோ தேதி போட்டுச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ‘இதில் நான் என்ன கற்றுக்கொண்டேன்’ என்று சொந்த வார்த்தையில் எழுதி வைப்பது. அவ்வளவுதான்.

இதில் மூன்று விஷயம் முக்கியம். தேர்ந்தெடுப்பது, தேதி போடுவது, எழுதுவது. மூன்றாவது இல்லாவிட்டால் அது வெறும் கேலரி.

ஏன் எழுத வேண்டும்? அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் கோல்ப் 1984-ல் வெளியான தன் புத்தகத்தில் இதை ஒரு சக்கரமாக விளக்கினார். ஒரு வேலையைச் செய்கிறோம். அதைத் திரும்பிப் பார்க்கிறோம். ‘ஓ, இதனால்தான் இப்படி ஆச்சு’ என்று ஒரு முடிவுக்கு வருகிறோம். அடுத்த தடவை அதைச் செய்து பார்க்கிறோம். பெரும்பாலும் நாம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம். பரீட்சை எழுதுகிறோம், மார்க் வருகிறது, அடுத்த பரீட்சைக்குப் போய்விடுகிறோம். திரும்பிப் பார்க்க நேரம் ஒதுக்குவதே இல்லை.

நியூசிலாந்தில் 2006-ல் மாணவர்களுக்காக இப்படி ஒரு இலவச மென்பொருள் உருவாக்கினார்கள். பெயர் ‘மஹாரா’. அந்நாட்டுப் பழங்குடி மக்களான மாவோரிகளின் மொழியில் அதற்கு ‘சிந்தனை’ என்று பொருள். சேமிப்பு, அலமாரி என்றெல்லாம் பெயர் வைக்காமல் சிந்தனை என்று வைத்தார்கள் பாருங்க, அதுதான் விஷயம்.

என் கதை

நான் இதழியல் படித்தவள். கல்லூரியில் மூன்று வருஷம் நிறைய எழுதினேன். வகுப்பு இதழில், சுவர் ஏட்டில், பயிற்சிக்குப் போன இடத்தில். எல்லாமே ஒரே போனில் இருந்தது. ஒரு நாள் போன் தண்ணீரில் விழுந்தது. கடைக்காரர் ஃபார்மட் பண்ணிக் கொடுத்தார். போன் பிழைத்தது, கட்டுரைகள் போய்விட்டன.

முதல் நேர்காணலில் என் டிகிரி சான்றிதழை மேசை மேல் வைத்தேன். எதிரே இருந்தவர் அதைத் தொடக்கூட இல்லை. “நீங்க எழுதினதுல உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணைக் காட்டுங்க. அதை இன்னைக்கு எழுதினா என்ன மாத்துவீங்க, சொல்லுங்க” என்றார். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. இரண்டாவது கேள்விக்கும் பதில் இல்லை. ஏனென்றால் எழுதி முடித்த எதையும் நான் திரும்பப் படித்ததே கிடையாது. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

கட்டுரைகள் போனதற்குப் போனைத் திட்டலாம். திரும்பிப் பார்க்காமல் விட்டதற்கு யாரைத் திட்டுவது? அன்றைக்கு ராத்திரி அந்தக் கேள்விதான் ரொம்ப நேரம் தூங்கவிடாமல் செய்தது.

அரும்பு, மொட்டு, மலர்

இது ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம்ம மாவட்டத்திலேயே, அழிஞ்சிவாக்கம் அரசுப் பள்ளியில்தான் 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை அவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வளர்ச்சியையும் செயலியில் பதிவு செய்கிறார். பிள்ளை எத்தனை மார்க் என்பதைவிட, எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று பார்க்கும் பார்வை அது.

அதில் பதிவு செய்பவர் ஆசிரியர். கற்றல் தொகுப்பில் அதே பார்வையைப் பிள்ளை தன்மேல் திருப்புகிறது. ‘நான் போன ஜூனில் அரும்பு, இப்போது மொட்டு’ என்று பிள்ளையே கண்டுபிடிக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தது ஞாபகம் இருக்கா? செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40, பருவத் தேர்வுக்கு 60. நோக்கம் நல்லது. ஆனால் பல வீடுகளில் என்ன நடந்தது? ராத்திரி ஒன்பது மணிக்கு, “அம்மா, நாளைக்கு சார்ட் கொண்டு போகணும்” என்று பிள்ளை சொல்லும். அப்பா கடைக்கு ஓடுவார். அம்மா கத்தரிப்பார், அக்கா எழுதுவார், பிள்ளை தூங்கிவிடும். சார்ட் அழகாக இருக்கும். பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

கற்றல் தொகுப்பும் அப்படி ஆகிவிடக் கூடாது. அழகாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. அடித்தல் திருத்தல் இருக்கட்டும். அதுதான் பிள்ளை யோசித்த தடம்.

போனில் எப்படி ஆரம்பிப்பது?

புதுச் செயலி எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் போனில் ஏற்கெனவே இருப்பதே போதும்.

1. கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறங்க. பிள்ளையின் முதல் பெயரும் வகுப்பும் போதும். பிள்ளைக்கு 13 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் கணக்கிலேயே திறங்க. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஆனால் ஜிமெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான் அந்த அளவு. அதனால் நீளமான வீடியோ வேண்டாம்.

2. வாரத்துக்கு ஒன்றே ஒன்று. எதை வைப்பது என்று பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். மார்க் நிறைய வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

3. வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் எடுங்க. படத்தின் பெயரில் முதலில் வருஷம், பிறகு மாதம், தேதி, கடைசியில் பாடம் என்று போடுங்க. அப்போதுதான் தானாகவே வரிசையாக அடுக்கும்.

4. கூடவே மூன்று கேள்விக்குப் பதில். நான் என்ன செய்தேன்? எந்த இடத்தில் சிக்கியது, எப்படி வெளியே வந்தேன்? மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

5. தட்டச்சு கஷ்டமா? கீபோர்டில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாக வரும். சின்னப் பிள்ளை என்றால் ஒரு நிமிஷம் பேசவைத்துக் குரலையே பதிவு செய்து வைங்க. மூன்று வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்டுப் பாருங்க, அப்போ தெரியும் அதன் அருமை.

6. மாதம் ஒரு தடவை, நான்கையும் சேர்த்துப் பார்த்து, ‘இந்த மாசம் எனக்கு என்ன புதுசா தெரிஞ்சுது’ என்று நாலு வரி. இந்த ஆறில் எதை விட்டாலும் பரவாயில்லை, இதை விட்டுவிடாதீங்க.

ரெண்டு உதாரணம்

நம்ம ஊரை வைத்தே சொல்கிறேன். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுந்தது 1960-களின் கடைசியிலிருந்தே பதிவாகியிருக்கிற சங்கதி. 9-ம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி இதையே செயல்திட்டமாக எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் ஐந்து வீட்டுத் தண்ணீரை, உப்பின் அளவு காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளக்கிறாள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. நான்கு வீட்டில் அதிகமாகக் காட்டுகிறது. ஒரு வீட்டில் மட்டும் ரொம்பக் குறைவு. அட்டவணை போட்டு, படம் வரைந்து கொடுத்துவிட்டாள். மார்க்கும் வந்துவிட்டது.

அவள் தொகுப்பில் எழுதும் மூன்று வரி இப்படி இருக்கலாம்: “ஐந்து வீட்டுத் தண்ணீரை அளந்தேன். ஒரு வீட்டில் மட்டும் ஏன் குறைவு என்று புரியவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோதுதான் அவர்கள் கொடுத்தது போர் தண்ணீர் இல்லை, கேன் தண்ணீர் என்று தெரிந்தது. அடுத்த தடவை எங்கிருந்து எடுத்த தண்ணீர் என்று முதலிலேயே கேட்பேன். மழை முடிந்த வாரத்தில் அளந்ததால் சித்திரையில் மறுபடி அளக்க வேண்டும்.”

அட்டவணையைவிட இந்த மூன்று வரியில்தானே அறிவியல் இருக்கிறது?

அடுத்து, ஐடிஐ-யில் ஃபிட்டர் படிக்கும் ஒரு தம்பி. இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரம் போட்டுச் சதுரமாக்க வேண்டும். ட்ரை ஸ்கொயர் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறது. ஜாப் ரிஜெக்ட். வழக்கமாக அதைத் தூக்கி ஸ்கிராப்பில் போட்டுவிடுவோம். அவன் அதைப் படம் எடுத்து வைத்து எழுதுகிறான்: “நடுவில் மேடாக வந்துவிட்டது. அரம் நேராகப் போகாமல் மேலும் கீழும் ஆடியிருக்கிறது. வைஸ் என் முழங்கையைவிட உயரத்தில் இருந்தது. அடுத்த ஜாப்புக்குக் காலடியில் பலகை போட்டு நின்றேன், வெளிச்சம் குறைந்தது.” அடுத்த படத்தில் அந்த ரெண்டாவது ஜாப்.

ரிஜெக்ட் ஆன துண்டும் சரியான துண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, அந்தத் தம்பிக்கு வேலை தெரியும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

பிள்ளை தன் தவறை எழுதி வைக்கிறது என்றால் அது நம்மை நம்புகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு “இவ்வளவு சிம்பிள் கணக்குல ஏன் தப்பு பண்ணினே?” என்று கேட்டால் அதோடு முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து நல்லதை மட்டும் காட்டும். “இதுல எந்த இடம் கஷ்டமா இருந்துச்சு? எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்டுப் பாருங்க. நாமே படித்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏற்கெனவே உங்களுக்குப் பதிவு வேலை நிறைய இருக்கிறது என்று தெரியும். இது இன்னொரு பதிவேடு ஆக வேண்டாம். எல்லார் தொகுப்பையும் பார்க்க வேண்டாம், மார்க்கும் போட வேண்டாம். வாரம் ஐந்து பேரிடம் ஒரு வரி, ஒரு கேள்வி. அது போதும்.

வீட்டில் ஒரே போன்தான், அதுவும் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தால்தான் கிடைக்கும் என்கிற நிலை இந்தப் பக்கத்தில் நிறைய வீடுகளில் உண்டு. வாரம் முழுக்க ஒரு நோட்டில் எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நிமிஷம் போன் கொடுங்க, படம் எடுத்து ஏற்றிவிடலாம். பள்ளியில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு அங்கேயும் செய்யலாம்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

ஃபோல்டரைப் பொதுவில் திறந்து வைக்காதீங்க. ‘லிங்க் இருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்று போட்டால், அந்த லிங்க் எத்தனை குழுவுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. யாருக்குக் காட்ட வேண்டுமோ அவருடைய மின்னஞ்சலை மட்டும் சேருங்க.

பிள்ளையின் முகத்தைவிட வேலையைப் படம் எடுங்க. கையும் நோட்டும் தெரிந்தால் போதும். வீட்டு முகவரி, ஆதார், பள்ளி அடையாள அட்டை இவை அந்த ஃபோல்டரில் இருக்கவே கூடாது. சான்றிதழுக்கு டிஜிலாக்கர், கற்றலுக்கு இந்தத் தொகுப்பு, ரெண்டையும் கலக்காதீங்க. 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஏதாவது ஒரு செயலி பிள்ளையின் விவரம் கேட்டால், எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பிள்ளையைக் கேட்காமல் அதன் தொகுப்பை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். பெருமையாகத்தான் வைப்போம். ஆனால் தன் தவறு ஊருக்கே தெரியும் என்றால் பிள்ளை உண்மையை எழுதாது.

இன்னொன்று, ஏஐ. “என் கற்றல் அனுபவத்தை எழுதிக் கொடு” என்று கேட்டால் ஒரு நொடியில் அழகாக எழுதிக் கொடுத்துவிடும். ஆனால் வைஸ் உயரமாக இருந்தது அதற்குத் தெரியாது. கேன் தண்ணீர் கதையும் தெரியாது. உதவி கேட்டிருந்தால் ‘இந்த இடத்தில் ஏஐ உதவியது’ என்று எழுதி வைங்க. அந்த மூன்று வரி மட்டும் உங்க வார்த்தையாக இருக்கட்டும்.

வேலை கேட்கும் இடத்தில்

கற்றல் தொகுப்பு வைத்திருந்தால் மார்க் கூடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. தொகுப்பு அதற்கு மாற்று இல்லை.

ஆனால் படிப்பு முடிந்து வேலைக்கு நிற்கும்போது கதை வேறு. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் கிடைக்கின்றன. பயிற்சி முடித்தால் சான்றிதழும் வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வேலைக்கு இருபது பேர் வரிசையில் நின்றால், இருபது பேர் கையிலும் அதே மாதிரி சான்றிதழ் இருக்கும். “இந்தப் பயிற்சியில நீ என்ன செஞ்சே?” என்ற கேள்விக்குப் போனைத் திறந்து, ரிஜெக்ட் ஆன ஜாப்பையும் சரி செய்த ஜாப்பையும் காட்டிப் பேசக்கூடியவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம், தம்பி. நீயும்தான் தங்கச்சி.

வேலை கிடைக்கவில்லை என்றாலும் நஷ்டம் இல்லை. அந்த நேர்காணலில் எங்கே சிக்கியது என்று வீட்டுக்கு வந்து மூன்று வரி எழுதி வைப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் நேர்காணல் முடிந்து, மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில் எழுதிய மூன்று வரிதான் என் தொகுப்பின் முதல் பக்கம். கடைசி வரி: ‘இனிமேல் எழுதியதைத் திரும்பப் படிப்பேன்.’ அதற்கடுத்த நேர்காணலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டினேன்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையைக் கூப்பிட்டு, “இந்த வாரம் நீ செஞ்சதுல ஒண்ணைக் காட்டு” என்று கேளுங்க. எதைக் காட்டினாலும் படம் எடுங்க. மூன்று கேள்வி கேளுங்க. பத்து நிமிஷம்கூட ஆகாது.

அடுத்த முறை யாராவது உங்கள் கேலரியைத் திறக்கச் சொன்னால், ரோஜாப்பூக்களுக்கு நடுவில் அந்தப் படமும் இருக்கும்.